வேடம் தரித்த தீமைகளை அடையாளம் காட்டிய பாப்பரசர்

மனிதனைக் கெடுப்பவை எவை, அவனை உயர்த்துபவை எவை என்ற வினாவுக்கு ஒவ்வொரு சமயமும் தனக்கேயுரிய முறையில் விடை பகர்ந்திருக்கின்றது. கிறிஸ்தவ மரபிலே அவ்விடை ஓர் எளிய பட்டியலாக நிலைபெற்றுள்ளது. ஞானோபதேச வகுப்புக்குச் செல்லும் கத்தோலிக்கப் பிள்ளைகள் தலையான பாவங்கள் ஏழு என்று மனனம் செய்வதைப் பிற சமயத்தவராகிய அயலவர்களும் கேட்டிருப்பர். அகங்காரம், கோபம், மோகம், உலோபம், போசனப்பிரியம், காய்மகாரம் எனப்படும் பொறாமை, சோம்பல் ஆகியனவே அவ்வேழும். அவற்றுக்கு எதிரான புண்ணியங்களாகத் தாழ்ச்சி, பொறுமை, கற்பு, உதாரகுணம், அளவறிந்து உண்ணுதலாகிய மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு என்பன கற்பிக்கப்படுகின்றன.

இத்தகைய பட்டியல் ஒரே நாளில் தோன்றியதன்று. எனினும் அதனை ஏழு என்ற எண்ணுக்குள் கொண்டுவந்து மேற்குலகம் முழுவதும் பரவச் செய்தவர் ஒருவர் உண்டு. கி.பி. 590 ஆம் ஆண்டு முதல் 604 ஆம் ஆண்டு வரை ரோமிலே பாப்பரசராக விளங்கிய முதலாம் கிரகோரியாரே அவர். வரலாறு அவரைப் பெரிய கிரகோரியார் என்று அழைக்கின்றது. துர்க்குணங்களைப் பற்றி அவர் எழுதியவற்றை மாத்திரமன்றி, அவற்றோடு அவர் தமது வாழ்விலே நடத்திய போராட்டத்தையும், அதில் அவர் இடறிய இடங்களையும் சேர்த்து நோக்கினாலே அப்பட்டியலின் உண்மையான பயன் நமக்குப் புலப்படும்.

கிரகோரியார் ஏறக்குறைய 540 ஆம் ஆண்டளவில் ரோம் நகரின் செல்வச் செழிப்புமிக்க குடும்பமொன்றிலே பிறந்தார். தந்தையார் கோர்தியானுஸ், தாயார் சில்வியா. மூன்றாம் பீலிக்ஸ் என்ற பாப்பரசர் அவருடைய முன்னோருள் ஒருவர். குடும்பம் செழிப்பானதாக இருந்தபோதிலும் அவர் பிறந்த நகரம் அழிந்துகொண்டிருந்தது. மேற்கு ரோமப் பேரரசு 476 ஆம் ஆண்டிலேயே வீழ்ந்துவிட்டது. 535 ஆம் ஆண்டு முதல் 554 ஆம் ஆண்டு வரை கொன்ஸ்தாந்திநோபிளின் படைகளுக்கும் கோத்தியருக்கும் இடையே நடந்த போர் இத்தாலியைச் சுடுகாடாக்கியது. நகருக்கு நீர் கொணர்ந்த பெருங்கால்வாய்கள் துண்டிக்கப்பட்டன. 546 ஆம் ஆண்டிலே கோத்திய மன்னன் தொத்திலா ரோமைக் கைப்பற்றியபோது கிரகோரியார் சிறு பிள்ளை. போர் ஓய்ந்து சில ஆண்டுகள் செல்வதற்குள், 568 ஆம் ஆண்டில், லொம்பார்டியர் வடக்கிலிருந்து படையெடுத்து வந்தனர். போரும் கொள்ளைநோயும் பஞ்சமும் மாறி மாறி வந்த ஒரு காலத்திலே வளர்ந்த மனிதர் என்பதை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.

அவர் முதலிலே துறவியாகவில்லை. ஏறத்தாழ 573 ஆம் ஆண்டளவிலே ரோம் நகரின் ஆட்சிப் பொறுப்பை வகிக்கும் உயர் பதவியில் அமர்ந்தார். ஆயினும் சிறிது காலத்திலே அப்பதவியைத் துறந்தார். சிசிலித் தீவில் இருந்த குடும்ப நிலங்களிலே ஆறு துறவு மடங்களை நிறுவினார். ரோமின் சேலியன் குன்றில் இருந்த தமது இல்லத்தையே ஏழாவது மடமாக மாற்றி, அங்கே தாமும் ஒரு சாதாரண துறவியாகச் சேர்ந்தார். அந்த மடத்தில் கழித்த சில ஆண்டுகளே தமது வாழ்வின் மகிழ்ச்சியான காலம் என்று பிற்காலத்தில் அவர் ஏங்கியிருக்கின்றார்.

அந்த அமைதி நீடிக்கவில்லை. 579 ஆம் ஆண்டளவிலே அப்போதைய பாப்பரசர் இரண்டாம் பெலாஜியுஸ் அவரைத் தமது பிரதிநிதியாகக் கொன்ஸ்தாந்திநோபிள் அரசவைக்கு அனுப்பினார். தம்முடன் வந்த துறவிகளுக்கு அங்கே அவர் யோபுவின் வரலாற்றை விளக்கத் தொடங்கினார். முஸ்லிம் மக்கள் ஐயூப் நபி என்று போற்றும் அதே பொறுமையின் வடிவம்தான் இந்த யோபு. பல ஆண்டுகளாக வளர்ந்து முப்பத்தைந்து பாகங்களாக நிறைவுபெற்ற அந்த விளக்கவுரையிலேயே ஏழு துர்க்குணங்களின் பட்டியல் இடம்பெற்றுள்ளது. யோபுவின் மூன்று புதல்வியரை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்று புண்ணியங்களுக்கு உருவகமாக்கினார். புயல் மோதிய வீட்டின் நான்கு மூலைகளிலே விவேகம், நீதி, துணிவு, அளவுடைமை என்ற நான்கையும் கண்டார். கிறிஸ்தவர் இன்றும் போற்றும் ஏழு அடிப்படைப் புண்ணியங்கள் இவையே.

துர்க்குணங்களின் பட்டியலுக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. நான்காம் நூற்றாண்டிலே எகிப்தின் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த துறவிகளிடையே எவாகிரியுஸ் என்பவர் இருந்தார். தனிமையிலே மனத்தைத் தாக்கும் தீய எண்ணங்கள் எட்டு என்று அவர் வகுத்தார். 399 ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னர், காசியான் என்ற துறவி அந்த எட்டையும் தென் பிரான்சுக்குக் கொண்டுசென்று இலத்தீன் மொழியிலே விளக்கினார். தனித்து வாழும் துறவிக்குப் பசியே முதற் சோதனையாதலால் அவர்களுடைய வரிசை போசனப்பிரியத்திலே தொடங்கியது.

கிரகோரியார் அவ்வரிசையைத் தலைகீழாகப் புரட்டினார். அவர் குகையிலே வாழும் துறவிக்காக அன்றி, மக்களிடையே வாழ்வோருக்காகவும் மக்களை ஆள்வோருக்காகவும் சிந்தித்தார். ஆகவே அகங்காரத்தைப் பட்டியலில் ஒன்றாக வைக்காது, ஏனையவற்றுக்கெல்லாம் வேரும் அரசியுமாக வைத்தார். அந்த அரசியின் கீழே வீண்பெருமை, பொறாமை, கோபம், மனச்சோர்வு, உலோபம், போசனப்பிரியம், காமம் ஆகிய ஏழும் தளபதிகளாக நிற்கின்றன. பிற்காலத்து ஆசிரியர்கள் வீண்பெருமையை அகங்காரத்தோடு இணைத்தனர். மனச்சோர்வின் இடத்திலே சோம்பலை வைத்தனர். ஒவ்வொரு தீமைக்கும் எதிராக ஒரு நன்மையை நிறுத்தும் வழக்கம், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த புருதென்சியுஸ் என்ற கவிஞரின் காவியத்திலே முன்னரே காணப்பட்டது. பிள்ளைகள் இன்று மனனம் செய்யும் இணைகள் இவ்வாறு படிப்படியாக உருவானவையே.

தளபதிகள் தனித்து வருவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு படையுடனேயே வருகின்றது என்பது கிரகோரியாரின் கூர்மையான அவதானிப்பு. பொறாமையின் பின்னால் வெறுப்பும், புறங்கூறலும், பிறர் துன்பத்தில் மகிழ்தலும், பிறர் வாழ்வில் வருந்துதலும் வருகின்றன. உலோபத்தின் பின்னால் துரோகமும், மோசடியும், பொய்ச்சத்தியமும், இரக்கமற்ற நெஞ்சமும் வருகின்றன. கோபத்தின் பின்னால் சண்டையும் வசைமொழியும் அணிவகுக்கின்றன. மனச்சோர்விலிருந்து வன்மமும் கோழைத்தனமும் நம்பிக்கையிழத்தலும் பிறக்கின்றன.

இவற்றினும் மேலான ஓர் உண்மையையும் அவர் சுட்டினார். துர்க்குணங்கள் தம் சொந்த முகத்துடன் மனிதனை அணுகுவதில்லை. அவை நியாயம் பேசிக்கொண்டே வருகின்றன. பலருக்கு நன்மை செய்ய வேண்டுமாயின் பெரிய பதவி வேண்டும் என்று வீண்பெருமை வாதாடும். செல்வம் சேர்ப்பது ஆசையினாலன்று, நாளைய வறுமைக்கு அஞ்சியே என்று உலோபம் சமாதானம் கூறும். இழைக்கப்பட்ட அநீதியைப் பொறுத்தலே குற்றம் என்று கோபம் தூண்டும். பாப்பரசராகிய காலத்தையொட்டி ஆயர்களுக்கு வழிகாட்டியாக அவர் எழுதிய நூலிலும் இதே கருத்து வலியுறுத்தப்படுகின்றது. கஞ்சத்தனம் சிக்கனமென்றும், ஊதாரித்தனம் தாராளமென்றும், கடுஞ்சினம் நீதி வேட்கையென்றும், கண்டிக்கத் துணியாமை கருணையென்றும் வேடமிட்டு வரும் என ஆட்சியிலிருப்போரை அவர் எச்சரித்தார்.

இந்த எச்சரிக்கை ஏட்டுச் சுரைக்காயன்று. 589 ஆம் ஆண்டின் இறுதியிலே தைபர் ஆறு பெருக்கெடுத்துத் திருச்சபையின் தானியக் களஞ்சியங்களை அழித்தது. அதனைத் தொடர்ந்து கொள்ளைநோய் பரவியது. 590 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பாப்பரசர் பெலாஜியுஸ் அந்நோய்க்குப் பலியானார். மக்கள் ஒருமித்துக் கிரகோரியாரைத் தெரிவுசெய்தனர். அவரோ தமது தெரிவை உறுதிப்படுத்த வேண்டாம் எனப் பேரரசன் மொரீஸுக்குக் கடிதம் எழுதினார். நகர ஆட்சியாளர் அக்கடிதத்தை இடைமறித்தமையால் அது பேரரசனைச் சென்றடையவில்லை என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் குறிப்பிடுகின்றார். 590 செப்டெம்பர் 3 ஆம் திகதி அவர் பாப்பரசராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அவருடைய ஆட்சியின் தன்மையை அறிவதற்கு எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அவருடைய கடிதங்கள் எஞ்சியுள்ளன. சிசிலியிலே திருச்சபைக்குச் சொந்தமாக இருந்த பரந்த நிலங்களைப் பயிரிட்ட ஏழைக் குத்தகையாளர்களைப் பற்றியவை அவற்றுட் பல. அதிகாரிகள் பெரிய மரைக்காலால் தானியத்தை அளந்து வாங்கி அவர்களை ஏமாற்றுவதை அறிந்த கிரகோரியார், கள்ள அளவைகளை உடைத்தெறியுமாறு கட்டளையிட்டார். அத்துடன் நில்லாது, அந்தக் கள்ள அளவையினால் விவசாயிகள் இழந்தது எவ்வளவு எனக் கணக்கிட்டு, அதற்கு ஈடாக ஆடு மாடுகளை வாங்கி அவர்களுக்கு வழங்குமாறும் பணித்தார். விவசாயிகளின் திருமணத்தின்போது அறவிடப்பட்ட கட்டணம் ஒரு பொற்காசுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தார். திருச்சபையின் வருமானம் என்ற பெயரிலே உலோபம் வேடமிட்டு வந்ததை அவர் கண்டுகொண்டார்.

ரோமிலே வறியோரின் பெயர்ப் பதிவேடு ஒன்று பேணப்பட்டு, அவர்களுக்கு மாதந்தோறும் தானியமும் ஏனைய உணவுப் பொருட்களும் பகிரப்பட்டன. நகரின் ஒரு மூலையில் ஒருவர் பட்டினியால் இறந்ததை அறிந்தபோது, தாமே அவரைக் கொன்றவர்போல் எண்ணிச் சில நாட்கள் திருப்பலி நிறைவேற்றாது இருந்தார் என்று ஒன்பதாம் நூற்றாண்டில் அவருடைய வரலாற்றை எழுதியவர் கூறுகின்றார். 593 ஆம் ஆண்டில் லொம்பார்டிய மன்னன் அகிலுல்ப் ரோமை முற்றுகையிட்டபோது, கைகள் வெட்டப்பட்ட நிலையிலே மக்கள் நகருக்குத் திரும்பி வந்தனர். அக்காட்சியைக் கண்டு அவர் தமது மறையுரைத் தொடரையே நிறுத்திக்கொண்டார். பின்னர் பெருந்தொகைப் பொன் கொடுக்கப்பட்டு நகரம் காப்பாற்றப்பட்டது.

சிறுபான்மையினர் தொடர்பில் அவர் கைக்கொண்ட நிலைப்பாடு நம் கவனத்துக்குரியது. பலெர்மோ நகரின் ஆயர் யூதர்களின் தொழுகைக்கூடங்களைக் கைப்பற்றிக்கொண்டார் என்ற முறைப்பாடு 598 ஆம் ஆண்டிலே அவரிடம் வந்தது. சட்டம் வழங்காத புதிய உரிமைகளை யூதர்கள் கோர இயலாதாயினும், சட்டம் வழங்கியுள்ள உரிமைகளை எவரும் அவர்களிடமிருந்து பறிக்கலாகாது என அவர் தீர்ப்பளித்தார். அக்கட்டடங்களுக்குரிய விலையைச் செலுத்துமாறும், எடுத்துச் சென்ற நூல்களையும் பொருட்களையும் திருப்பிக் கொடுக்குமாறும் ஆயருக்குக் கட்டளையிட்டார். சார்தீனியாவின் காலியாரி நகரிலே, கிறிஸ்தவத்துக்கு மாறிய ஒருவர் யூதத் தொழுகைக்கூடத்துக்குள் புகுந்து சிலுவையையும் திருவுருவத்தையும் நிறுவியபோது, அவற்றை மரியாதையுடன் அகற்றிவிடுமாறு எழுதினார். வற்புறுத்தலினால் வரும் திருமுழுக்கு மனமாற்றமாகாது என்று பிரான்சின் ஆயர்களுக்கு அறிவுறுத்தினார். எனினும் இதே கிரகோரியார், மதம் மாறும் யூதர்களுக்குக் குத்தகையைக் குறைக்கவும், சார்தீனியாவின் பழஞ்சமயத்து விவசாயிகளின் குத்தகையை உயர்த்தி அவர்களை நெருக்கவும் இடமளித்தார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. சமய ஆர்வத்தின் வேடத்தில் வந்த வற்புறுத்தலை அவர் ஓரிடத்திலே கண்டுகொண்டார்; வேறோரிடத்திலே காணத் தவறினார்.

அகங்காரத்துக்கு எதிரான அவருடைய போர் பட்டங்களைப் பற்றிய சர்ச்சையிலே வெளிப்பட்டது. கொன்ஸ்தாந்திநோபிளின் ஆயர் தம்மை உலகளாவிய மறைமுதல்வர் என்று அழைத்துக்கொண்டதைக் கிரகோரியார் கடுமையாக எதிர்த்தார். அது வெறும் போட்டியே என ஐயுறுவோருக்கு ஒரு நிகழ்ச்சியை நாம் எடுத்துக்காட்டலாம். 598 ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவின் மறைமுதல்வர் எவுலோஜியுஸ் அதே வகையான பட்டத்தைக் கிரகோரியாருக்கே சூட்டி எழுதியபோது, அதனை அவர் ஏற்க மறுத்தார். தம்மைக் கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன் என்று குறிப்பிடுவதையே அவர் விரும்பினார். பாப்பரசர்களின் அதிகாரபூர்வ ஆவணங்களில் அப்பெயர் பின்னர் நிலைபெற்றது.

அவருடைய கடுமைக்கும் கனிவுக்கும் சான்றாக, அவரே பதிவுசெய்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. அவருடைய மடத்திலே யுஸ்துஸ் என்ற துறவி வைத்தியராக இருந்தார். நோயுற்ற கிரகோரியாரை அன்புடன் பராமரித்தவர் அவர். அவர் மரணப்படுக்கையிலே இருந்தபோது மூன்று பொற்காசுகளை ஒளித்து வைத்திருந்தமை வெளிப்பட்டது. சொத்து எதுவும் வைத்திருப்பதில்லை என்பது மடத்தின் விதி. இறக்கும் அவருக்கு எந்தத் துறவியும் ஆறுதல் கூறலாகாது எனக் கிரகோரியார் தடுத்தார். உடலை எருக்குழியிலே அக்காசுகளுடன் புதைக்கச் செய்தார். முப்பது நாட்களின் பின்னர் அவருடைய உள்ளம் இளகியது. அன்று முதல் முப்பது நாட்கள் அத்துறவியின் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். இறந்தோருக்காகக் கத்தோலிக்கர் இன்றும் ஒப்புக்கொடுக்கும் முப்பது நாள் கிரகோரியார் திருப்பலிகளின் தோற்றம் இதுவே. உலோபத்தைத் தண்டித்த கையே இரக்கத்துக்கும் வழி திறந்தது.

ஆனால் இரண்டு இடங்களிலே அவர் சறுக்கினார். ஒன்று, மகதலா மரியாள் பற்றியது. இயேசு அப்பெண்ணிடமிருந்து ஏழு பேய்களை விரட்டினார் என்று நற்செய்தி கூறுகின்றது. 591 ஆம் ஆண்டிலே நிகழ்த்திய மறையுரை ஒன்றில், கிரகோரியார் அந்த ஏழு பேய்களும் எல்லாத் துர்க்குணங்களையும் குறிக்கும் என விளக்கினார். நற்செய்தியில் வேறோரிடத்தில் வரும் பெயர் கூறப்படாத பாவியான பெண்ணும் அவளே என்றும் இணைத்தார். நற்செய்தியிலே அதற்கு ஆதாரமில்லை. ஆயினும் பாப்பரசரின் வார்த்தை மேற்குலகிலே பல நூற்றாண்டுகள் நிலைத்தது. இயேசுவின் உயிர்ப்பை முதலில் அறிவித்த பெண், மனந்திரும்பிய விலைமகளாகவே ஓவியங்களிலும் மறையுரைகளிலும் சித்திரிக்கப்பட்டாள். 1969 ஆம் ஆண்டிலே கத்தோலிக்கத் திருச்சபை தனது வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதே அந்த இணைப்புக் கைவிடப்பட்டது. 2016 ஆம் ஆண்டிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவளுடைய நினைவு நாளைத் திருவிழாவாக உயர்த்தினார். தன்னைத் தானே சோதிப்பதற்காக வகுக்கப்பட்ட பட்டியலைப் பிறர்மீது சுமத்தும்போது எத்தகைய அநீதி நேரும் என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

மற்றையது இதனினும் பாரதூரமானது. 602 ஆம் ஆண்டு நவம்பரிலே போக்காஸ் என்ற படையினன் கிளர்ச்சி செய்து கொன்ஸ்தாந்திநோபிளின் அரியணையைக் கைப்பற்றினான். பேரரசன் மொரீஸின் கண்முன்னே அவனுடைய ஐந்து புதல்வர்கள் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் அவனும் கொல்லப்பட்டான். மொரீஸின் மகன் ஒருவனுக்குக் கிரகோரியாரே ஞானத்தந்தையாக இருந்தவர். ஆயினும் 603 ஆம் ஆண்டிலே அவர் போக்காஸுக்கு எழுதிய கடிதம் வாழ்த்தும் புகழ்ச்சியும் நிறைந்ததாக உள்ளது. லொம்பார்டியரிடமிருந்து ரோமைக் காப்பதற்குப் புதிய பேரரசனின் தயவு தேவைப்பட்டது என்று சிலர் காரணம் கூறுவர். நடந்தது முழுமையாக அவரை எட்டியிருக்காது என்பது வேறு சிலரின் வாதம். மொரீஸ் முன்னர் தம்மை ஏமாளி என எண்ணி அலட்சியம் செய்த மனத்தாங்கலும் அவருக்கு இருந்தது. காரணம் எதுவாயினும், கோழைத்தனம் விவேகத்தின் ஆடையை அணிந்து வரும் என்று பிறருக்குக் கற்பித்தவரின் வாசலிலே முகத்துதி இராஜதந்திரத்தின் ஆடையை அணிந்து வந்தது. அவர் அதனை உள்ளே அனுமதித்தார்.

அப்போது அவர் நோயினால் நொந்திருந்தார். வயிற்று நோயும் மூட்டு வாதமும் அவரைப் பல ஆண்டுகளாக வாட்டின. இறுதிக் காலத்திலே பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். 604 மார்ச் 12 ஆம் திகதி அவர் மறைந்தார். 596 ஆம் ஆண்டிலே அவர் அனுப்பிய துறவிகள் மறு ஆண்டிலே இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்தை அடைந்து அங்கே கிறிஸ்தவத்துக்கு அடித்தளமிட்டனர். ஆயர்களுக்கு அவர் எழுதிய நூலை ஒன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் மன்னன் அல்பிரட் தன் மக்களின் மொழிக்கு ஆக்குவித்தான். அவர் வகுத்த ஏழு துர்க்குணங்கள் நூற்றாண்டுகள் தோறும் மறையுரைகளிலும் காவியங்களிலும் தேவாலயச் சுவர்களிலும் இடம்பெற்றன.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடியது என்ன? நற்குணத்துக்கும் துர்க்குணத்துக்கும் இடையிலான போர், நல்லவர்களுக்கும் தீயவர்களுக்கும் இடையிலான போரன்று. ஒரே மனிதருடைய உள்ளத்திலே, அதுவும் சான்றோராகப் போற்றப்படும் ஒருவருடைய உள்ளத்திலேயே அது நடக்கின்றது. ஏழைகளின் மரைக்காலைச் சரிசெய்த அதே கை கொலைகாரனுக்கு வாழ்த்தும் எழுதியது. கிரகோரியாரின் பெருமை அவர் தவறாதவர் என்பதிலன்று. எங்கே தவறுவோம் என்பதைத் தாம் தவறுவதற்கு முன்னரே தெளிவாக எழுதி வைத்தமையிலாகும். அவருடைய அளவுகோலைக் கொண்டே அவரையும் நாம் அளக்க முடிகின்றது.

தனி மனிதருக்கு மாத்திரமன்றிச் சமூகங்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். வெறுப்பு இனப்பற்றென்றும், பேராசை அபிவிருத்தியென்றும், பழிவாங்கல் நீதியென்றும், அநீதியைக் கண்டும் பேசாதிருத்தல் பொறுமையென்றும் பெயர் சூட்டிக்கொண்டு வரும்போது, அவற்றை வரவேற்பவர்கள் கெட்டவர்களாக இருப்பதில்லை. பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே. ஏழு பாவங்களை மனனம் செய்வது எளிது. நம் சமூகத்தின் வாசலில் நிற்கும் நற்குணம் எது, நற்குணத்தின் ஆடையை இரவல் வாங்கி வந்திருப்பது எது என்பதை வேறுபடுத்தி அறிவதே கடினம். பிறருடைய வாசலைப் பார்க்குமுன் நம்முடைய வாசலைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஏற்படுமாயின், ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்பட்டியல் எச்சமயத்தவருக்கும் இன்றும் பயன்படும் என்பதில் ஐயமில்லை.